சிப்காட் ஆலையில் மனித உரிமை ஆபத்துப் பட்டியல்: எங்கிருந்து தொடங்குவது?

கெடிலக்கரை

வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஒரு பெரிய இரசாயன ஆலையின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். எங்கள் தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் இருக்கிறது. அதனால் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். (நிறுவனப் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கைக்கு வருடா வருடம் தகவல் தர வேண்டும். அதில் ஐந்தாவது கோட்பாடு மனித உரிமை. எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை புகார், எத்தனை தீர்ந்தது என்று எண்களை நிரப்பி அனுப்பிவிடுவோம்.

இந்த வருடம் ஜெர்மனியில் சரக்கு வாங்கும் வாடிக்கையாளர் ஒருவர் நீளமான கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார். அவர்கள் நாட்டில் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023-இல் வந்ததிலிருந்து இப்படிக் கேட்கிறார்கள். "உங்கள் ஆலையில் மனித உரிமை ஆபத்துகள் எவை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், யாரிடம் பேசினீர்கள்?" என்பதுதான் கேள்வியின் சாரம்.

ஆலோசகர் ஒரு எக்செல் தாள் கொடுத்தார். நடக்கும் வாய்ப்பு ஒரு பத்தி, பாதிப்பு ஒரு பத்தி. பாதிப்பு என்பதை ரூபாயில் போட்டிருக்கிறார்: அபராதம், உற்பத்தி நிறுத்தம், பெயர்க்கேடு. குழந்தைத் தொழிலாளர், கட்டாய உழைப்பு, பாகுபாடு எல்லாமே பச்சை. புகார்ப் பெட்டியில் ஒரு கடிதம்கூட இல்லாததால் அந்த வரிசையும் பச்சை. முழுத் தாளும் பச்சையாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் கேட்டில் காலை ஷிப்டுக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெர்மிட்_புக்

மேடம், முப்பது வருடத்துக்கு மேல் சேஃப்டியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் சந்தேகம் சரி. அந்தத் தாள் கம்பெனிக்கு வரும் ஆபத்தை அளக்கிறது. உங்களிடம் கேட்டிருப்பது மனிதர்களுக்கு வரும் ஆபத்து.

ஐ.நா. மனித உரிமை மன்றம் 2011-இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன, மொத்தம் 31. ஜான் ரக்கி என்ற பேராசிரியர் முன்னின்று தயாரித்தது. தீவிரத்தை அளக்க அதில் மூன்று கேள்விகள் உண்டு. பாதிப்பு எவ்வளவு கடுமை? எத்தனை பேருக்கு? நடந்துவிட்டால் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா? மூன்றில் ஒன்று மோசமாக இருந்தாலும் அது மேலே வர வேண்டும். நடக்கும் வாய்ப்பு குறைவு என்று சொல்லிக் கீழே தள்ளக் கூடாது.

உதாரணத்துக்கு ஷட்டவுன் நேரத்தை, அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரியாக்டருக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே நைட்ரஜன் தங்கியிருந்தால் வாசனை வராது, கண் எரியாது, இருமல் வராது. இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். அதனால்தான் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கக் கூடாது என்று விதி. மேன்ஹோல் வாயில் ஒரு ஆள் கடைசி வரை நிற்க வேண்டும் என்பதும் விதி. நான் பார்த்த இடங்களில் மீட்டர் எப்போதும் இருந்தது, பெர்மிட்டில் கையெழுத்தும் இருந்தது. இல்லாமல் போனது வாயில் நிற்கிற ஆள். "இந்த ஃபிளாஞ்சைக் கொஞ்சம் பிடி" என்று வேறு வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். உள்ளே ஒருவன் விழுந்ததைப் பார்த்ததும் அடுத்தவன் மாஸ்க் இல்லாமல் குதிப்பான். பிறகு இரண்டு உயிர்.

உள்ளே இறங்குபவர் யார்? நிரந்தரத் தொழிலாளி கிடையாது, முந்தா நாள் வந்த ஆள். அவருக்கு "நான் இறங்க மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் கேட் பாஸ் இருக்குமா? உயிருக்கான உரிமை அந்த மேன்ஹோல் வாயில்தான் இருக்கிறது. உங்கள் பட்டியலின் முதல் வரியை அங்கிருந்து எழுதுங்கள்.

நிலக்கரி_நகர்

பெர்மிட்_புக் தோழர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் நெய்வேலிக்காரன், தொழிற்சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவன்.

2020 மே 7-ஆம் தேதி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் பாய்லர் விபத்து. அதே நிலையத்தில் ஜூலை 1-ஆம் தேதி மறுபடியும். இரண்டு மாதம் முடிவதற்குள் இரண்டு. செத்தவர்களிலும் கருகிப் படுத்தவர்களிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். முதல் விபத்துக்குப் பிறகு அந்த நிலையத்தில் வேலைக்குப் போன ஒவ்வொருவருக்கும் வயிற்றில் பயம் இருந்தது. அந்தப் பயத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? யாரிடம் சொல்வது? நிரந்தரத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, சேஃப்டி கமிட்டியில் இடம் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு மேஸ்திரிதான் எல்லாம்.

கெடிலக்கரை, உங்கள் ஆலையில் சேஃப்டி கமிட்டியில் ஒப்பந்தத் தொழிலாளி யாராவது இருக்கிறாரா? இருந்தால் அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? காண்டிராக்டரா, தொழிலாளிகளா?

கெடிலக்கரை

இருக்கிறார். காண்டிராக்டரின் சூப்பர்வைசர்.

நிலக்கரி_நகர்

அதுதான் பதில். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விலைப்புள்ளி

எல்லோரும் மனிதவளத்தையும் சேஃப்டியையும் பேசுகிறீர்கள். நான் பர்ச்சேஸில் இருப்பவன். மூல காரணம் எங்கள் மேசையில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆள் சப்ளை டெண்டர் எப்படி முடிவாகிறது? குறைந்த விலை கொடுத்தவருக்கு, அதாவது எல்-1. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, சட்டப்படி நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காண்டிராக்டர் அதன் மேல் கட்ட வேண்டியது:

வருங்கால வைப்பு நிதி, நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம், 65 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 16 ரூபாய் 25 காசு. போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், 41 ரூபாய் 65 காசு. இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, 25 ரூபாய். பணிக்கொடைக்கு ஒதுக்க 4.81 சதவீதம், 24 ரூபாய் 5 காசு. மொத்தம் ஏறத்தாழ 672 ரூபாய். இதில் ஷூ இல்லை, ஹெல்மெட் இல்லை, கையுறை இல்லை, சூப்பர்வைசர் சம்பளம் இல்லை, காண்டிராக்டரின் லாபம் இல்லை.

இப்போது ஒருவர் 610 ரூபாய் என்று விலை போடுகிறார். நாங்கள் "எல்-1" என்று டிக் அடிக்கிறோம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 62 ரூபாய் பள்ளம். அறுபது ஆள், 26 நாள் என்றால் மாதம் 97 ஆயிரத்துக்குப் பக்கம். அந்தப் பணம் காண்டிராக்டர் வீட்டுக் கொல்லையில் காய்க்காது. இருபத்தாறு நாள் வேலை செய்தவனுக்குப் பதினைந்து நாள் மட்டும் பி.எஃப். காட்டுவார். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு எட்டு மணிக் கையெழுத்து வாங்குவார். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது காகிதத்தில்தான் இருக்கும். ஷூவுக்குக் கூலியில் பிடிப்பார். ஆர்டரில் அறுபது பேர் இருந்தால் ஐம்பது பேரை அனுப்பி அறுபது பேர் வேலையை வாங்குவார்.

ஆர்டரில் கையெழுத்துப் போடும்போதே இந்த மீறல்கள் எங்களுக்குத் தெரிந்துவிடுகின்றன. அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் பட்டியலில் பாதியை ஒப்பந்தத் தொழிலாளியிடம் பேசாமலேயே, பர்ச்சேஸ் கோப்பை எடுத்து வைத்து ஒரு மத்தியானத்தில் எழுதிவிடலாம்.

யூனிட்_தலைமை

விலைப்புள்ளியின் கணக்கில் தப்பில்லை. ஆனால் நான் ஆலையை நடத்துபவன், என் பக்கத்தையும் கேளுங்கள். நான் மட்டும் ஆளுக்கு 700 ரூபாய் கொடுத்தால், குஜராத்தில் இதே பொருளைச் செய்பவன் டன்னுக்குக் குறைத்து விற்பான். ஆர்டர் போனால் அந்த அறுபது பேருக்கும் வேலை இல்லை. அது உரிமைப் பிரச்சினை இல்லையா?

இன்னொன்று. காண்டிராக்டர் தனி நிறுவனம். லைசென்ஸ் வைத்திருக்கிறார், சம்பளப் பட்டியல் கொடுக்கிறார், பி.எஃப். சலான் கொடுக்கிறார். அதைப் பார்த்துத்தான் பில் பாஸ் பண்ணுகிறோம். அவர் ஏமாற்றினால் நாங்கள் எப்படிப் பொறுப்பு? எல்லாவற்றையும் முதன்மை முதலாளி, அதாவது வேலை கொடுக்கும் ஆலையின் தலையில் கட்டினால் தொழில் நடத்த முடியாது. ஜெர்மன்காரர் கேள்வித்தாள் அனுப்புகிறார், சரி. கூடவே விலையை உயர்த்தித் தருகிறாரா? போன மாதம்தான் இரண்டு சதவீதம் குறைக்கச் சொல்லிக் கடிதம் போட்டார்.

மஞ்சக்குப்பம்

வழக்கறிஞர். தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன்.

யூனிட்_தலைமை சாருக்கு முதலில் சட்டம். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-லேயே, காண்டிராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டாலோ குறைத்துக் கொடுத்தாலோ முதன்மை முதலாளி கொடுத்துவிட்டுப் பிறகு காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்து பழைய சட்டம் போய்விட்டது. ஆனால் இந்தப் பொறுப்பு போகவில்லை. அப்புறம், உடனடி ஆபத்து என்று கருதினால் தொழிலாளி எச்சரிக்கலாம் என்ற உரிமை, போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்தது. அதுவும் புதிய தொகுப்பில் தொடர்கிறது. பெர்மிட்_புக் சொன்ன "இறங்க மாட்டேன்" வெறும் கருணை விஷயம் இல்லை.

"எப்படிப் பொறுப்பு" என்பதற்கு ஐ.நா. நெறிகளில் தெளிவாக மூன்று படி இருக்கிறது. நீங்களே பாதிப்பை உண்டாக்கலாம். அதற்குத் துணைபோகலாம். அல்லது உங்கள் வியாபார உறவின் வழியாக அது உங்களோடு இணைந்திருக்கலாம். நடுவில் இருப்பதுதான் இங்கே முக்கியம். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2012-இல் வெளியிட்ட விளக்க நூலில் துணைபோவதற்கு ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: வாங்குபவர் கடைசி நேரத்தில் பொருளின் விவரத்தை மாற்றிவிட்டு, கெடுவையும் விலையையும் மாற்றாமல் விட்டால், சப்ளையர் தொழிலாளர் விதியை மீறுவதற்கு வாங்குபவர் துணைபோகிறார். 672 ஆகும் என்று தெரிந்தே 610-க்கு ஆர்டர் கொடுப்பது அந்த வகைதான்.

இதே அளவுகோல் உங்கள் ஜெர்மன் வாடிக்கையாளருக்கும் பொருந்தும். அவர் விலையைக் குறைக்கச் சொன்ன கடிதத்தையும் கேள்வித்தாளையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து, "இந்த விலையில் இந்தத் தரம் எப்படி?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

யூனிட்_தலைமை

அந்த மின்னஞ்சல் யோசனை நன்றாக இருக்கிறது. பொறுப்பைப் பற்றிய வாதத்தை முழுதாக ஏற்கவில்லை, ஆனால் யோசிக்கிறேன்.

குடிகாட்டான்

அக்கா, நீங்கள் எல்லாரும் கேட்டுக்கு உள்ளேயே பேசுகிறீர்கள். நாங்கள் மதிலுக்கு வெளியே இருக்கிறோம்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சிப்காட் இருக்கிறது. இங்கே மூச்சு எப்படி என்று சொல்ல 2003-லேயே நீதிபதி கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் வந்து அறிக்கை எழுதியது. 2004 வாக்கில் ஊர்க்காரர்களே காற்றைக் கண்காணிக்கக் கற்றுக்கொண்டார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மணி என்ன, காற்று எந்தப் பக்கம், நாற்றம் எதைப் போல என்று நோட்டில் எழுதினார்கள். நெயில் பாலிஷ் மாதிரி, அழுகின முட்டை மாதிரி, சாணி மாதிரி என்று. அதிகாரி கேட்டால் "நாற்றம் வந்துச்சு" என்று சொன்னால் போதாது என்பது எங்கள் பெரியவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

2021 மே மாதம் இங்கே ஒரு பூச்சிமருந்து ஆலை விபத்தில் நான்கு பேர் செத்தார்கள். 2025 மே மாதம் ராத்திரி ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்துத் தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

என் கேள்வி ஒன்றுதான். சைரன் ஊதினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. என் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ரோட்டுக்கு ஓட வேண்டும் என்கிறார். உங்கள் பட்டியலில் நாங்கள் இருக்கிறோமா?

பெர்மிட்_புக்

தம்பி, கேள்வி நியாயமானது. பதிலைக் கம்பெனிதான் சொல்லியிருக்க வேண்டும். 1989-இன் ஆபத்தான இரசாயன விதிகளின்படி, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளி மக்களுக்கு, என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று தெரிவிப்பது ஆலையின் கடமை. வெளிப்புற அவசரத் திட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்க வேண்டும்.

இப்போதைக்குப் பொதுவாகச் சொல்கிறேன். குளோரின் என்றால் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், தரையோடு படரும், பள்ளத்தில் தேங்கும். காற்று வரும் திசைக்குக் குறுக்காக நகர்ந்து, மேடான இடத்துக்குப் போக வேண்டும். காற்றோடு சேர்ந்து ஓடினால் அது உங்களைத் துரத்தும். மேகம் ஏற்கெனவே தெருவுக்குள் வந்துவிட்டால் ஓடாமல், ஜன்னல் கதவை மூடி, இடுக்கில் ஈரத்துணி வைத்து உள்ளே இருப்பது நல்லது. உங்கள் அம்மா சொல்வதும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதும் வெவ்வேறு சூழலுக்குச் சரி. எந்தச் சூழல் என்று தெரியத்தான் சைரனுக்கு வெவ்வேறு ஒலி வேண்டும். ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற உயரத்தில் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாயும் வேண்டும்.

மேடம், மாக்டிரில் (விபத்து ஒத்திகை) என்று வருடத்துக்கு ஒருமுறை கேட்டுக்குள்ளேயே நடத்திப் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டுத் தெருவில் நடத்துங்கள்.

கெடிலக்கரை

குடிகாட்டான், உங்கள் கேள்வியை அப்படியே அச்சடித்து எங்கள் கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன். பட்டியலில் நீங்கள் இல்லை. இருக்க வேண்டும்.

மூணாம்_நடை

வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சிப்காட் பக்கம் ஒரு ஷெட்டில் தங்கியிருப்பவர்களுக்கு ஹிந்தியில் மனு எழுதித் தருவது, பேங்குக்குக் கூட்டிப்போவது என்று உதவி செய்கிறேன். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா ஆட்கள்.

ஆலோசகரின் தாளில் கட்டாய உழைப்பு பச்சை என்றீர்கள். ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கிறது என்று கேட்டீர்களா? சம்பளம் பேங்கில்தான் போகிறது, சலானும் சரியாக இருக்கும். கார்டும் ரகசிய எண்ணும் ஏஜெண்டிடம். அவர் எடுத்து, ஊரிலிருந்து கூட்டி வந்த செலவு, அட்வான்ஸ், சாப்பாடு என்று கழித்து மீதியைக் கையில் கொடுப்பார். அட்வான்ஸ் தீராதவன் ஊருக்குப் போக முடியாது. அப்பா செத்த செய்தி வந்த ஒருவர் நாலு நாள் கழித்துத்தான் ரயில் ஏறினார்.

புகார்ப் பெட்டி கேன்டீன் வாசலில், சூப்பர்வைசர் ரூமுக்கு எதிரே, தமிழிலும் ஆங்கிலத்திலும் போர்டு வைத்து இருக்கும். அதில் ஒடியாக்காரர் என்ன எழுதிப் போடுவார்? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கும் இடத்துக்கு, ஏஜெண்ட் இல்லாமல், மொழி தெரிந்த ஒரு வெளியாளோடு போங்கள். முதல் வாரம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டீ கொடுப்பார்கள். மூன்றாவது வாரம் பேசுவார்கள்.

லேப்_வெள்ளைக்கோட்டு

பெண்கள் பக்கமும் ஒரு வரி. நான் ஒரு ஆலையின் லேபில் இருந்தேன். எங்களுக்குப் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் உட்புகார்க் குழு இருந்தது, பயிற்சி இருந்தது, போஸ்டர் இருந்தது. யார்டு கூட்டும் அக்காக்களுக்கு அது தங்களுக்கும் உண்டு என்று தெரியாது. காண்டிராக்டர் மூலம் வந்தாலும் 2013 சட்டத்தில் அவர்களும் வருவார்கள்.

ஆனால் அவர்கள் என்னிடம் அதிகம் சொன்னது அதுகூட இல்லை, கழிவறை. அலுவலகக் கட்டடத்தில் இருப்பதைப் பயன்படுத்தக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. யார்டில் பெண்களுக்கென்று இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மே மாத வெயிலில், பாய்லர் பக்கத்தில். நீர்க்கடுப்பு, மயக்கம். இது எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறாது. காலையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேளுங்கள், எல்லாம் வெளியே வரும்.

சேத்தியாத்தோப்பு_வயல்

மேலே நெய்வேலித் தோழர் பாய்லரைப் பற்றி எழுதினார். நான் நிலத்தைப் பற்றி எழுதுகிறேன். கனரகத் தொழில் என்றால் முதலில் வருவது அதுதானே.

2023 ஜூலை 26, வளையமாதேவி. நெய்வேலி என்.எல்.சி. சுரங்கத்துக்காக, கதிர் பிடித்த நெல் வயலில் மண்வெட்டும் இயந்திரங்களை இறக்கி, பரவனாற்றுக்கு மாற்று வழி வெட்டினார்கள். நிலம் எப்போதோ எடுத்தது, பணம் கொடுத்தாகிவிட்டது என்பது நிர்வாகத்தின் வாதம். காகிதத்தில் இருக்கலாம். வயலில் பயிர் இருந்தது, அதை வைத்தவன் இருந்தான். அறுவடைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். விஷயம் உயர்நீதிமன்றம் வரை போய், சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

ஆபத்துப் பட்டியல் போடுகிறவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தபோது ஒரு தவறு நடந்தது. "இந்த வாரம் அங்கே என்ன நிற்கிறது?" என்று கேட்க யாரும் இல்லை. நிலம் கொடுத்த தலைமுறைக்கு வேலை தருவதாகச் சொன்னது, அடுத்த தலைமுறைக்கு ஒப்பந்த வேலைகூட இழுபறி, சுரங்கத்துக்காக அடிநீரை இறைத்துக்கொண்டே இருப்பதால் எங்கள் போர்வெல் இறங்கிக்கொண்டே போவது, எல்லாம் சேர்ந்துதான் அன்றைக்கு வெடித்தது. பாத்தியதை முடிந்துவிட்டது என்று நிர்வாகம் நினைக்கும் இடத்திலிருந்துதான் ஊர்க்காரன் கணக்கு ஆரம்பிக்கும்.

*நடத்துநர் குறிப்பு: ஒரு பதிவில் தனியார் கம்பெனி பெயரோடு சொந்தக் குற்றச்சாட்டு இருந்ததால் நீக்கப்பட்டது. பெயர் இல்லாமல் மறுபடி எழுதலாம்.*

பி_ஷிப்ட்

நீக்கப்பட்டது என் பதிவு. பெயரில்லாமல் எழுதுகிறேன். எனக்கு விரல் நசுங்கியபோது ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. காரில் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், "வீட்டில் கிரைண்டரில் மாட்டியது" என்று சொல்லச் சொன்னார்கள். செலவை அவர்களே கட்டினார்கள். இ.எஸ்.ஐ.-இல் விபத்தாகப் பதிந்திருந்தால் ஊனத்துக்கு மாதா மாதம் பணம் வந்திருக்கும். கேட்டில் "விபத்தில்லா நாட்கள்" போர்டில் எண் ஏறிக்கொண்டே இருந்தது.

அந்த போர்டுக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தினால் போதும், பாதிப் பேர் உண்மையைச் சொல்வார்கள்.

விலைப்புள்ளி

பி_ஷிப்ட் சொன்னது மிகப் பெரிய விஷயம். எங்கள் காண்டிராக்டர் மதிப்பீட்டுத் தாளில் "விபத்து: பூஜ்யம்" என்றால் பத்து மார்க். விபத்தைச் சொன்னவருக்கு மார்க் போகும். மறைக்கச் சொல்லி நாங்களே காசு கொடுக்கிறோம். இதை மாற்ற வேண்டும். காயத்தை அன்றே தெரிவித்து இ.எஸ்.ஐ.-இல் பதிந்தவருக்கு மார்க் என்று வைக்கலாம்.

மஞ்சக்குப்பம்

கெடிலக்கரை, ஒரு எச்சரிக்கை. தொழிலாளிகளிடம் பேசப் போகும் முன், பேசியவருக்கு என்ன பாதுகாப்பு என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் நல்ல மனதோடு கேட்டு, அவர் சொல்லி, அடுத்த மாதம் காண்டிராக்டர் அவரை நிறுத்தினால், அந்தப் பாதிப்பை உண்டாக்கியது உங்கள் கணக்கெடுப்பு. கேட் பாஸ் ரத்து செய்வதென்றால் மனிதவளப் பிரிவின் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று ஒரே ஒரு விதி போதும், பாதிப் பயம் போகும்.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. இடையில் எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆலோசகரின் தாளை அப்படியே அனுப்ப மாட்டேன் என்று மேலே சொன்னேன். முதலில் கோபம், பிறகு "என்னதான் வேண்டும் உனக்கு" என்றார்கள். விலைப்புள்ளி போட்ட கணக்கை எங்கள் சொந்த ஆர்டர்களில் போட்டுக் காட்டினேன். அதுவரை கையைக் கட்டி உட்கார்ந்திருந்த ஃபைனான்ஸ் மேலாளர் முன்னால் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். சில ஆர்டர்கள் கணக்குக்குள் வந்தன, சில வரவில்லை. இனி ஆள் சப்ளை டெண்டரில் சட்டப்படியான செலவைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும், அதற்குக் கீழே யார் விலை போட்டாலும் தள்ளுபடி, போட்டி சேவைக் கட்டணத்தில் மட்டும் என்று முடிவாகியிருக்கிறது. நடப்பில் இருக்கும் ஆர்டர்களைத் திருத்த ஒப்புக்கொள்ளவில்லை. அவை முடியும் வரை அந்தத் தொழிலாளர்களுக்கு என்ன வழி என்று கேட்டேன், பதில் வரவில்லை. மறுபடி கேட்பேன்.

கேட் பாஸ் விதி வந்துவிட்டது. கேன்டீனில் ஒரு மேசை போட்டு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவரவர் போனில் யு.ஏ.என். பாஸ்புக்கை, அதாவது பி.எஃப். கணக்கைப் பார்க்க உதவுகிறோம். தன் பேரில் பல மாதம் பணமே கட்டப்படவில்லை என்பதைச் சிலர் அங்கே நின்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். ஒருவர் போனை என்னிடம் நீட்டி, "நல்லாப் பாருங்கம்மா, வேற எங்காவது இருக்கும்" என்றார். எங்கும் இல்லை. காண்டிராக்டரின் பில்லைப் பிடித்து வைத்திருக்கிறோம்.

யார்டில் பெண்களுக்குக் கழிவறை கட்ட இடம் பார்த்தாகிவிட்டது. அதுவரை அலுவலகக் கட்டடத்தில் இருப்பதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் சுற்றறிக்கை போட்டிருக்கிறேன். ஏ.டி.எம். கார்டு விஷயம் மூணாம்_நடை சொன்னதுபோலத்தான், டீ கொடுக்கும் கட்டத்தில் இருக்கிறது. சேஃப்டி கமிட்டிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன், இழுத்தடிக்கிறார்கள்.

ஜெர்மன் வாடிக்கையாளருக்குப் போகும் பதிலில் முதல் மூன்று ஆபத்துகள்: தொட்டிக்குள் இறங்குவது, ஒப்பந்த விலை, மதிலுக்கு வெளியே இருக்கும் ஊர். மூன்றையும் சிவப்பில் போட்டிருக்கிறேன். சிவப்பு இருந்தால் ஆர்டர் போய்விடும் என்று சிலர் பயந்தார்கள். யூனிட்_தலைமை சார் கேட்டதுபோல, விலையைப் பற்றிய ஒரு பத்தியும் அதே கடிதத்தில் இருக்கிறது.

குடிகாட்டான், தெருவில் ஒத்திகை நடத்த அனுமதி கேட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். அதற்கு முன்னால் ஊருக்கு ஒரு தொலைபேசி எண் தரச் சொல்லியிருக்கிறேன்.

குடிகாட்டான்

நல்லது அக்கா. அந்த நம்பர் ஆபீஸ் நம்பரா, ராத்திரி ஷிப்ட் இன்சார்ஜ் கையில் இருக்கிற நம்பரா? நாற்றம் வருவது ராத்திரி ஒரு மணிக்கு மேல்.

கெடிலக்கரை

ஆபீஸ் நம்பர்தான் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கே பேசி மாற்றச் சொல்கிறேன். ஷிப்ட் இன்சார்ஜ் எடுத்தால், அழைத்த நேரம், காற்றின் திசை, என்ன பதில் சொன்னார் என்று லாக் புக்கில் எழுத வேண்டும் என்றும் சேர்க்கிறேன். வேறு என்ன எழுத வேண்டும் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களின் பழைய நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

குடிகாட்டான்

சித்தப்பாவிடம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்க.